அக்கா மகனோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்வந்தேன்

அக்கா மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு கடையில் சார்ஜில் கிடந்த செல்போனை எடுத்துவிட்டான். எடுத்தது உண்மைதான், அதை மறைக்க நான் எழுதவில்லை. ஆனால் காவல் நிலையத்தில் வயது 19 என்று எழுதிவிட்டார்கள். ஆள் உயரம், மீசையும் அரும்பியிருந்தது. சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

அதனால் பெரியவர்களை நிறுத்தும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் முதலில் கொண்டுபோனார்கள். வராண்டாவில் விலங்கு மாட்டிய இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். அக்கா என் பின்னால்தான் நின்றாள்.

எங்கள் வக்கீல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை நீட்டினார். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம். மாஜிஸ்திரேட் அதைப் பார்த்து, 18 ஆகவில்லை என்று பதிவு செய்து, 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பச் சொன்னார். அங்கே ஜாமீன் கிடைத்தது.

குழுமம் கூடுவது, வழக்கில் சிக்கிய பிள்ளைகளை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்ல வளாகத்தில். மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்தப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். அவனுக்கும் எதிரே ஒரு நாற்காலி. குழுமத்தில் இருந்த பெண் பணியாளர், "எடுத்த அன்னிக்கு ராத்திரி தூங்கினியாப்பா?" என்று கேட்டார். எங்களிடம் பத்து வார்த்தை பேசாதவன், அவரிடம் பத்து நிமிடம் பேசினான்.

சின்னத் திருட்டுதானே, பக்கத்துக் கோர்ட்டிலேயே அபராதம் கட்டி முடித்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஏன் எடுத்தாய் என்று அங்கே யார் கேட்டிருப்பார்கள்? இங்கே நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வந்தார், பள்ளிக்கும் போனார். அவன் படிக்கும் மூலையைக்கூட நின்று பார்த்தார்.

அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு வரை என்றால் அது சிறு குற்றம். விசாரணைக்கு நான்கு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு. அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும். எங்களுக்கு மூன்றாவது மாதமே உத்தரவு வந்தது: அறிவுரை, குழு ஆலோசனை, முதியோர் இல்லத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் சேவை. பிறகு வேலைக்குப் போகும்போது இதைக் காட்டித் தகுதியில்லை என்று சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால், நிலையத்திலேயே சான்றிதழ் நகலைக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள், ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இருந்தாக வேண்டும். அன்று எங்களுக்கு இது தெரிந்திருந்தால், அவன் அந்த வராண்டாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.