கறுப்புத் தூள் செய்வது சுலபம், உப்புத் தண்ணீரில் அதை நிற்க வைப்பதுதான் வேலை

எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு நான் எடுத்தது இரும்பு ஆக்சைடு காந்த நானோ துகள்கள். அதே தலைப்பில் இறங்கப்போகும் ஜூனியர்கள் என்ன வாங்கணும், எங்கே அளக்கணும், எது இழுத்தடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நடந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை, கல்லூரியும் வட சென்னையில்தான். எங்கள் பக்கம் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லையே என்று தயங்க வேண்டாம், இந்த வேலையின் முதல் பாதிக்கு அது தேவையே இல்லை.

இந்தத் தலைப்பு பிடித்துப்போனதற்குக் காரணம் அம்மாவின் தைராய்டு டெஸ்ட். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாங்கள் வழக்கமாகப் போகிற லேபில் டெக்னீஷியன் அண்ணன் ஒருநாள் மெஷினைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு குப்பியில் பழுப்பு நிறக் கலவை, அடியில் தங்காமல் இருக்க மெஷின் அதைக் கலக்கிக்கொண்டே இருந்தது. அதிலிருப்பவை இரும்பு ஆக்சைடு பொதிந்த நுண்துகள்கள். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் உள்ள டிஎஸ்ஹெச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் காந்தம் வந்ததும் துகள்கள் சுவரோரம் ஒதுங்கும், மீதியைக் கழுவிக் கொட்டிவிட்டு, கடைசியில் ஒளி விடும் ஒரு வினையை நடத்தி அந்த ஒளியை அளந்து எண் சொல்கிறார்கள். 2020-ல் கொரோனா சோதனைக்கு ஆர்என்ஏ பிரிக்கவும் இதே வேலைதான்: சிலிக்கா பூசிய காந்தத் துகளில் ஆர்என்ஏ ஒட்டிக்கொள்ளும், காந்தத்தால் இழுத்துக் கழுவலாம். அந்தக் கிட் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமான நேரத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் 'சித்ரா மேக்னா' என்று சொந்தமாகவே ஒன்றை உருவாக்கியது. அதைப் படித்ததும், நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

சரி, பொருட்கள். பூங்கா நகரில் நயினியப்ப நாயக்கன் தெரு பக்கம் போனால் கெமிக்கலும் கண்ணாடிச் சாமானும் கிடைக்கும். தேவை ஃபெரிக், ஃபெரஸ் என்று இரண்டு இரும்பு உப்புகள். ஃபெரிக் குளோரைடில் பெரிய கவலை இல்லை. ஃபெரஸ் உப்பில்தான் கண் வைக்க வேண்டும். ஃபெரஸ் சல்ஃபேட் வெளிர் பச்சையாக இருந்தால் வாங்குங்கள், படிகத்தின் மேல் மஞ்சளோ பழுப்போ படிந்திருந்தால் அது ஏற்கெனவே காற்றில் ஆக்சிகரணம் அடையத் தொடங்கிவிட்டது, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நம் ஊர்க் கடற்காற்று ஈரத்தில் திறந்த பாட்டில் சீக்கிரமே கெடும், அதனால் சின்ன பாட்டிலாகப் பார்த்து வாங்குவது நல்லது. காந்தத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட். நியோடிமியம் என்று கேட்டு வாங்குங்கள், பழைய ஸ்பீக்கர் காந்தம் போதாது.

செய்முறைக்குப் பெயர் கோ-பிரெசிபிடேஷன், அதாவது இரண்டு உப்பையும் சேர்த்தே வீழ்படிய வைப்பது, 1981-ல் மசார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வெளியிட்ட வழி. ஃபெரஸ் ஒரு பங்கு, ஃபெரிக் இரண்டு பங்கு, மோல் கணக்கில். கொதிக்கவைத்து ஆறவிட்டு நைட்ரஜன் ஊதிய தண்ணீரில் கரைத்து, 80 டிகிரி வரை சூடாக்கி, வேகமாகக் கலக்கிக்கொண்டே அமோனியாவை ஊற்ற வேண்டும். பிஹெச் 10 பக்கம் வரும்போது ஆரஞ்சுக் கரைசல் ஒரே நொடியில் மையாகக் கறுக்கும், புராஜெக்ட் முழுக்க நான் அலுக்காமல் பார்த்த காட்சி அதுதான். அமோனியா வேலையை ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பீக்கருக்கு அடியில் காந்தத்தை வைத்து, கறுப்பு இறங்கியதும் மேல் தண்ணீரைக் கொட்டி, பிஹெச் 7 பக்கம் வரும்வரை கழுவல்.

எங்கள் கைடு மேடம் வேண்டுமென்றே ஒரு பேட்சை நைட்ரஜன் இல்லாமல் செய்யச் சொன்னார். அது கறுத்தது, கொஞ்ச நேரத்தில் பழுப்பாகத் திரும்பியது, ஆனாலும் காந்தத்துக்கு ஓடி வந்தது. அதைக் காட்டத்தான் செய்யச் சொன்னாராம்: நாங்கள் செய்ய நினைத்த கறுப்பு இரும்பு ஆக்சைடான மேக்னடைட் ஆக்சிகரணம் அடைந்து பழுப்பான மேக்ஹமைட் ஆனாலும் காந்தம் இழுக்கும், எக்ஸ்ரேயால் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டியிலும் இரண்டின் கோடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். அதனால் காந்தம் இழுக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மேக்னடைட் செய்துவிட்டேன் என்று எழுதிவிட முடியாது. நிறத்தைப் பார்க்க வேண்டும், முடிந்தால் இரும்பு அணுக்களின் நிலையைக் காட்டும் மோஸ்பவர் நிறமாலை எடுக்க வேண்டும், இரண்டும் தெளிவாக இல்லையென்றால் 'இரும்பு ஆக்சைடு' என்று மட்டும் எழுதுவதுதான் நேர்மை.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி, ஒரு மதியத்தில் முடிகிற வேலை. செமஸ்டரில் பெரும்பகுதியைத் தின்றது பூச்சு. மருத்துவத்துக்குப் போகிற துகள் ரத்தத்தில் மிதக்க வேண்டும், ரத்தம் உப்பு. பூசாத துகளின் மேற்பரப்பு மின்னூட்டம் பிஹெச் 7 அருகே ஏறக்குறைய பூஜ்யம் ஆகிவிடுவதால் ஒன்றையொன்று தள்ளிவிட எதுவும் இல்லாமல் அவை சேர்ந்துகொண்டே போகும். அதனால் சிட்ரிக் அமிலம் சேர்த்து மறுபடி சூடாக்கினோம், சிட்ரேட் துகளின் மேல் ஒட்டி எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் கொடுக்கும், அந்த மின்னூட்டத்தின் வலிமையைச் சொல்லும் ஜீட்டா பொட்டென்ஷியல் மைனஸ் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டியது. தெளிந்த காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு திரவம், வாரக்கணக்கில் வீழ்படிவே இல்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மேடம் பார்த்துவிட்டு, இதில் கொஞ்சம் எடுத்து 0.9 சதவீத சலைனில் விடு என்றார். பால் திரிகிற மாதிரி கண் முன்னாலேயே திரிந்து அடியில் இறங்கியது.

இந்த ஒரு சோதனையைப் பற்றித்தான் எல்லோருக்கும் உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன். தண்ணீரில் நிற்பது வேறு, உப்பில் நிற்பது வேறு. சோடியம் அயனிகள் வந்து அந்த மின்னூட்டத்தை மறைத்துவிட்டால் துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டத்தை மட்டும் நம்பாமல், டெக்ஸ்ட்ரான், பாலிஎத்திலீன் கிளைக்கால் மாதிரி நீளமான சங்கிலிகளைப் போர்த்தினால் அந்தச் சங்கிலிகளே இடைவெளி விட்டு நிறுத்திவைக்கும். மனித உடலுக்குப் போன இரும்பு ஆக்சைடு மருந்துகள் பலவற்றிலும் டெக்ஸ்ட்ரான் குடும்பத்துப் பூச்சு இருப்பது இதனால்தான். கடைசியில் எங்களைக் காப்பாற்றியதும் டெக்ஸ்ட்ரான்தான், அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது: திரவத்தை டயாலிசிஸ் பையில் போட்டு, வெளியே உள்ள தண்ணீரை மாற்றி மாற்றி, ஒட்டாமல் மீதியிருக்கும் டெக்ஸ்ட்ரானை வெளியேற்ற வேண்டும், பொறுமை வேண்டும்.

அளவீடுகளில் எக்ஸ்ஆர்டி சீக்கிரம் கிடைத்தது, 35.5 டிகிரி பக்கத்துப் பெரிய முகட்டின் அகலத்தை, அதிலிருந்து படிகத்தின் அளவைச் சொல்லும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 11 நானோமீட்டர் வந்தது. திரவத்தில் மிதக்கும் துகளின் அளவை ஒளிச்சிதறலால் அளக்கும் டிஎல்எஸ்ஸில் அதே சாம்பிள் 60-ஐத் தாண்டியது, பயப்பட வேண்டாம், அது பூச்சும் கூட ஒட்டியிருக்கும் தண்ணீரும் சின்னக் கொத்துகளும் சேர்ந்த அளவு. காந்தத்தன்மையை அளக்கும் விஎஸ்எம்முக்கு ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற கருவி மையத்தில் பதிவு செய்தோம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அதே ரயிலில் கிண்டி வரை போகலாம், 2021-ல் விம்கோ நகர் நீட்டிப்பு வந்தது எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது சாம்பிள் பையோடு அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். கறுப்புப் பொடி நிரம்பிய குப்பிகளைப் பார்த்ததும் பாதுகாப்பு சோதனையில் நிறுத்தினார்கள், துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் கையில் இருந்ததால் விட்டார்கள். கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். ரிசல்டில் காந்தமாக்கல் கிராமுக்கு 60 ஈஎம்யுவை (காந்தத்தன்மையின் அலகு) சுற்றி வந்தது, நானோ அல்லாத சாதாரண மேக்னடைட்டுக்கு 92. முக்கியமான விஷயம் அந்த வளைகோடு பூஜ்யம் வழியாகப் போனது. புலத்தை எடுத்ததும் காந்தத்தன்மை மிச்சம் நிற்கவில்லை, அதாவது சூப்பர்பாராமேக்னடிசம். இது இல்லையென்றால் காந்தத்தை எடுத்த பிறகும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

எம்ஆர்ஐ பகுதிக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அனுமதி தந்தார்கள். அகர் ஜெல்லில் வெவ்வேறு செறிவில் துகளைக் கலந்து சின்னக் குழாய்களில் ஊற்றி 1.5 டெஸ்லா மெஷினில் வைத்தோம். இரும்பு கூடக்கூட டி2 படத்தில் குழாய் கறுத்துக்கொண்டே போனது. இரும்பின் செறிவைச் சரியாக அளக்காமல் போனால் இந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை, துகளை அமிலத்தில் கரைத்து, ஹைட்ராக்சிலமீன் போன்ற ஒடுக்கியால் இரும்பு முழுவதையும் ஃபெரஸாக மாற்றி, ஃபினாந்த்ரோலின் சேர்த்தால் வரும் ஆரஞ்சு நிறத்தை 510 நானோமீட்டரில் அளக்கலாம், கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரே போதும்.

அங்கிருந்த ரேடியோகிராபர் அக்கா பழைய கதை ஒன்று சொன்னார், அப்புறம் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். ஈரலில் உள்ள குப்ஃபர் செல்கள் இந்தத் துகள்களை விழுங்கிவிடும், அதனால் நல்ல ஈரல் கறுத்து, அந்தச் செல்கள் இல்லாத கட்டி மட்டும் வெளுப்பாகத் தெரியும். இதற்காக ஃபெரிடெக்ஸ் என்ற மருந்துக்கு 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பிறகு சந்தையிலிருந்தே போய்விட்டது. கறுப்பாகத் தெரிகிற இடம் துகளா, ரத்தக் கசிவா, காற்றா என்று படம் பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இந்த வகை மருந்துகளுக்கு இருந்த ஒரு பெரிய இடைஞ்சல், வெளுப்பாகக் காட்டும் இன்னொரு எம்ஆர்ஐ மருந்தான கடோலினியத்துக்கு அந்தப் பிரச்சினை குறைவு. 2009-ல் வந்த ஃபெருமாக்ஸிடாலும் இரும்பு ஆக்சைடு துகள்தான், ஆனால் அது வந்தது சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான ஊசியாக. கடுமையான ஒவ்வாமை காரணமாக 2015-ல் அதற்கும் கட்டம் போட்ட எச்சரிக்கை சேர்த்தார்கள்.

சூடாக்கும் சோதனையை வேறொரு ஆராய்ச்சிக்கூடத்தின் தூண்டல் கருவியில் செய்தோம். மாறுதிசைப் புலத்தில் துகள் சூடாகும், புற்று செல்லை 42, 43 டிகிரிக்குக் கொண்டுபோனால் கதிர்வீச்சு அதன் மேல் கூடுதலாக வேலை செய்யும் என்பது கணக்கு. சாதாரண தெர்மோகப்பிளை உள்ளே விடாதீர்கள், அது உலோகம், அதுவே சூடாகிப் பொய் எண் காட்டும், ஃபைபர் ஆப்டிக் வெப்பமானிதான் வேண்டும். வெறும் தண்ணீரையும் ஒருமுறை வைத்து ஓட்டிக் கழிக்க வேண்டும். எங்கள் சாம்பிள் நன்றாகவே சூடானது, ஆனால் புலம் 300 கிலோஹெர்ட்ஸ், மீட்டருக்கு 15 கிலோ ஆம்பியர். மனிதர்கள் தாங்கும் அளவு என்று பிரெசோவிச் என்ற ஆராய்ச்சியாளர் சொன்ன வரம்பு, ஹெர்ட்ஸையும் மீட்டருக்கு ஆம்பியரையும் பெருக்கினால் வரும் எண், 4.85 × 10⁸. நாங்கள் ஓட்டியது அதற்கு ஒன்பது மடங்குக்கும் மேல். அதைத் தீசிஸில் முடிவுரையிலேயே எழுத வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக இருந்தார், எழுதினேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு மார்பகப் புற்று, அடையாறில் சிகிச்சை போய்க்கொண்டிருந்தது. போனில் வந்த ஏதோ வீடியோவைக் காட்டி, "கண்ணு, நீ செய்றியே அந்தக் காந்த மருந்து, அத்த எனக்குப் போட முடியாதா?" என்று கேட்டார்கள். ஆசை காட்டி எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியில் மூளைக் கட்டிக்குள் துகளை நேராக ஊசியில் செலுத்தி, கதிர்வீச்சோடு சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு 2010-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது, மார்புக்கு அப்படி வழக்கமான சிகிச்சை இல்லை என்றேன். மார்பு ஆபரேஷனில் புற்று முதலில் பரவக்கூடிய நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க நீலச் சாயத்துக்கோ கதிரியக்க மருந்துக்கோ பதிலாகக் காந்தத் துகளைப் பயன்படுத்துவது உண்டு, அது தேடிப் பிடிக்க மட்டும், கட்டியைக் கரைக்க இல்லை என்றும் சொன்னேன். டாக்டர் கொடுத்த கீமோ தேதியைத் தள்ளிப்போடாதீங்க அக்கா என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். தள்ளிப்போடவில்லை.

இப்போது என் பெஞ்சில் வேலை செய்கிற ஜூனியர் எர்ணாவூரிலிருந்து வருகிறாள், டெக்ஸ்ட்ரானுக்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் போட்டுப் பார்க்கிறாள். போன வாரம் விஎஸ்எம்முக்குப் பணம் கட்டட்டுமா என்று கேட்டாள். முதலில் அந்தக் குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து சலைனில் விட்டு ராத்திரி முழுக்க வை, காலையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கட்டு என்றேன்.