கவுன்சிலின் பதில் வரும் வரை

இங்கிலாந்தில் வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் சட்ட வேலை செய்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாகப் பணியாற்றி வருகிறேன். எங்களிடம் வருபவர்களில் கணிசமானோர் தமிழர். விலை பேசி முடித்து, வங்கியும் கடனுக்கு ஒப்புக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக்கூடம்கூட விசாரித்து வைத்த பிறகு, உள்ளூராட்சி சபையான கவுன்சிலிடமிருந்து வரவேண்டிய ஓர் அறிக்கைக்காக எல்லாமே நின்றுபோவதை அவர்களால் விளங்கிக்கொள்ள முடிவதில்லை. லோக்கல் சேர்ச் (local search, உள்ளூர்த் தேடல்) என்று நாங்கள் சொல்லும் அந்த அறிக்கை வரும்வரை அவர்களோடு சேர்ந்து காத்திருப்பதும் எனது வேலையின் ஒரு பகுதிதான்.

வீட்டின் சொந்தக்காரர் யார், அதன்மேல் அடமானம் உண்டா என்பதை அரசின் காணிப் பதிவகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவே சொல்லிவிடும். ஆனால் பின்புறம் கட்டிய அறைக்கு அனுமதி இருந்ததா, முற்றத்து மரம் வெட்டக்கூடாத மரமா, வீட்டுக்கு முன்னால் போகும் வீதியை யார் பராமரிக்கிறார்கள் என்பவை கவுன்சிலுக்குத்தான் தெரியும். ஊரில் காணி வாங்கும்போது பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ வீதிக் கோட்டுக்கான சான்றிதழ் எடுப்பதை நினைவுபடுத்தினால், இலங்கையிலிருந்து வந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இந்தச் சேர்ச்சில் இரண்டு பகுதிகள் உண்டு. எல்.எல்.சி.1 என்ற முதற்பகுதி, காணியின்மேல் உள்ள கட்டுப்பாடுகளையும் கடப்பாடுகளையும் குறித்து 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வைக்கப்படும் பதிவேட்டைப் பார்ப்பது. இந்தப் பதிவேடுகளை 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி லாண்ட் ரெஜிஸ்ட்ரி படிப்படியாகத் தன் கைக்கு எடுத்து வருகிறது. 2018 ஜூலையில் வாரிக் மாவட்டக் கவுன்சில் முதலாவதாக மாறியது. அப்படி மாறிய இடங்களில் இந்தப் பகுதி கணினியில் உடனேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் கொன் 29 என்ற இரண்டாம் பகுதி, கவுன்சிலிடம் கேட்கப்படும் கேள்விகளின் தொகுப்பு; அது இன்றும் கவுன்சிலிடமே இருக்கிறது. எங்கள் காத்திருப்பு பெரும்பாலும் அதற்காகத்தான்.

தாமதத்துக்குக் காரணம் அலட்சியம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேள்விகள் சேர்ச் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்து திட்டமிடல், கட்டடக் கட்டுப்பாடு, வீதிகள், சுற்றாடல் சுகாதாரம் என்று தனித்தனிப் பகுதிகளுக்குப் பிரிந்து போகின்றன. எல்லோரும் பதில் தந்தாலும் கடைசியாகத் தருபவரின் வேகமே முழு அறிக்கையின் வேகமாகிறது. லண்டனுக்கு வெளியே பல இடங்களில் வீதிகளுக்குக் கவுண்டி கவுன்சிலும் கட்டட அனுமதிக்கு மாவட்டக் கவுன்சிலும் பொறுப்பு என்பதால், ஒரே அறிக்கைக்காக இரண்டு நிர்வாகங்கள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய கோப்புகள் இன்னமும் கணினிக்கு ஏற்றப்படாத கவுன்சில்களில் யாராவது ஒருவர் அட்டைகளையும் நுண்படச் சுருள்களையும் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும். 2020 ஜூலையில், வீடு வாங்கும்போது கட்டும் வரியான ஸ்டாம்ப் டியூட்டியில் சலுகை அறிவிக்கப்பட்டு விண்ணப்பங்கள் குவிந்தபோது, பெருந்தொற்றுக்கால ஆள்பற்றாக்குறையும் சேர்ந்து பல கவுன்சில்களில் வரிசை வாரக்கணக்கில் நீண்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் லண்டனின் ஹக்னி கவுன்சிலின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அந்தப் பகுதியில் வீடு வாங்க இருந்தவர்கள் மாதக்கணக்கில் சேர்ச் இல்லாமல் தவித்தார்கள்.

காத்திருப்பவருக்கு இந்தக் காரணங்களால் ஆறுதல் கிடைக்காது. இங்கே ஒப்பந்தம் பரிமாறப்படும்வரை இரு தரப்பிலும் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. விற்பவர் மனம் மாறலாம், கூடிய விலைக்கு இன்னொருவர் வரலாம், கடன் உறுதிக் கடிதத்தின் தவணை முடிந்து போகலாம். 2022 செப்டம்பர் இறுதியில் வட்டி வீதம் திடீரென ஏறியபோது, பழைய வீதத்தில் கிடைத்த கடிதம் காலாவதியாகிவிடுமோ என்ற பயத்தில் மக்கள் எங்களை அழைத்த அழைப்புகளை என்னால் மறக்க முடியாது. அந்த நாட்களில் வயதான அம்மா ஒருவர், மகனின் வீட்டுக்காகத் தானே தொலைபேசியை எடுத்து, "பிள்ளை, ஒரு பேப்பர் அனுப்புறதுக்கு இவ்வளவு நாளே? ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்" என்றார். நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அதை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு, வாரத்தில் குறித்த ஒரு நாளில், புதிய செய்தி இல்லாவிட்டாலும், விண்ணப்பம் எந்தப் பிரிவில் நிற்கிறது, யாருடன் பேசினோம் என்பதைக் காத்திருக்கும் எல்லோருக்கும் எழுதுவது என் வழக்கமாகியது. நாட்கள் குறையவில்லை, அழைப்புகளில் இருந்த பதற்றம் குறைந்தது.

நாட்களைக் குறைக்க எங்கள் கையில் உள்ளது ஒன்றுதான்: முந்திக்கொள்வது. வீட்டு ஆய்வும் கடன் உறுதியும் வந்த பிறகு சேர்ச்சுக்குப் பணம் கட்டலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். விற்பனை குழம்பினால் அந்தப் பணம் வீணாகும் என்ற கவலை நியாயமானதே. ஆனாலும் கோப்பு எங்கள் கைக்கு வரும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள் என்றுதான் வலியுறுத்துவேன். விண்ணப்பத்தோடு போகும் வரைபடத்திலும் கவனம் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தனி வரிசையில் இருக்கும் கராஜைச் சுற்றியும் சிவப்புக் கோடு போட மறந்தால், கராஜுக்கென்று மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

தனியார் நிறுவனங்கள் கவுன்சில் பதிவுகளைத் தாமே பார்வையிட்டுத் தயாரிக்கும் அறிக்கைகள் சில இடங்களில் விரைவாகக் கிடைக்கின்றன. கடன் கொடுப்பவர் ஏற்றுக்கொண்டால் அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சேர்ச்சே வேண்டாம், அதற்குப் பதிலாகக் காப்புறுதி எடுத்துவிடுவோம் என்ற யோசனைதான் எனக்குப் பிடிப்பதில்லை. லண்டனுக்கு வெளியே புதிய குடியிருப்பொன்றில் வீடு வாங்கவிருந்த ஒரு குடும்பம், தாமதம் தாங்காமல் அதைத்தான் கேட்டது. நான் மறித்தேன். கடைசியில் கொன் 29 வந்தபோது, வீதிகள் பற்றிய 2.1ஆம் கேள்விக்கான பதிலோடு ஒரு வரைபடம் இணைக்கப்பட்டிருந்தது. பொதுச் செலவில் பராமரிக்கப்படும் வீதியைக் காட்டும் நிறம், பிரதான சாலையிலிருந்து திரும்பி வந்து, அவர்கள் வாசலுக்கு இரண்டு வீடு முன்னதாகவே முடிந்திருந்தது. மிச்சத் துண்டைக் கவுன்சில் பொறுப்பேற்பதற்கு, 1980ஆம் ஆண்டு வீதிகள் சட்டத்தின் 38ஆம் பிரிவின்கீழ் கட்டியவர் ஒப்பந்தம் எதுவும் செய்திருக்கவில்லை. அந்தத் துண்டால் போய்வரும் உரிமை வீட்டின் உரிமைப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அது பழுதானால் யார் காசு கொடுப்பது என்பதையெல்லாம் கேட்டுத் தெளிந்து, விலையையும் பேசிக் குறைத்த பிறகே அவர்கள் வாங்கினார்கள். காப்புறுதி எடுத்திருந்தால், நட்டம் என்று நிரூபித்த பிறகு ஏதாவது பணம் கிடைத்திருக்கலாம். வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் வாய்ப்புக் கிடைத்திராது.

விற்பவர் பக்கத்திலிருந்தும் இதைச் சுருக்கலாம். 2007 முதல் 2010 மே வரை, வீட்டை விற்பனைக்கு விடும்போதே சேர்ச் உள்ளிட்ட ஆவணத் தொகுதியை விற்பவரே தயாரிக்க வேண்டும் என்ற விதி இங்கே இருந்தது. அது கைவிடப்பட்டது எனக்கு இன்றும் வருத்தமே. ஏலத்தில் விற்கப்படும் வீடுகளுக்கு இன்றும் சேர்ச் முன்னதாகவே எடுத்து வைக்கப்படுகிறது. ஆனால் கடன் கொடுப்பவர்கள் பொதுவாக, விற்பனை நிறைவேறும் நாளில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சேர்ச்சை ஏற்பதில்லை. வாங்குபவர் கிடைக்கத் தாமதித்தால் விற்பவரின் செலவு வீணாகும். ஆகவே எல்லா விற்பவரையும் சேர்ச் எடுக்கச் சொல்வதில்லை. விளம்பரம் போடும் நாளிலேயே, பின்புற அறைக்கும் மேல்மாடி மாற்றத்துக்கும் கிடைத்த கட்டட நிறைவுச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வைக்கச் சொல்கிறேன். அவை கையில் இல்லாவிட்டால், கவுன்சிலின் பதில் வந்து சேரும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டர் அவற்றைக் கேட்பார். பிரதி வேண்டி அதே கவுன்சிலுக்கு மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.