கரடிப்பூண்டுடன் மூன்றாவது வசந்தம்

ஜெர்மனியின் லைப்சிக் நகரை ஒட்டிய ஆற்றங்கரைக் காட்டில், மரங்கள் இலை விடுமுன் தரையில் விழும் வெயிலைக் கொண்டே தன் ஆண்டு வாழ்வை முடித்துக்கொள்ளும் செடி காட்டுப்பூண்டு. மார்ச்சில் முளைத்து, ஏப்ரலில் வெள்ளைப் பூக்கொத்து விடத் தொடங்கி, கோடை வந்ததும் மண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. இங்குள்ளோர் இதைக் கரடிப்பூண்டு என்று பொருள்படும் ‘பேர்லவுக்’ என்ற பெயரால் அழைக்கிறார்கள்.

முதல் வசந்தத்தில், கசக்கினால் பூண்டு மணக்க வேண்டும் என்ற ஒரே அடையாளத்தை நம்பி, சமையலுக்காகக் கைநிறைய இலை பறித்து வந்தேன். கழுவும்போது ஓர் இலையில் மட்டும் நரம்புகள் வலைபோல் பின்னியிருந்தன. அது பூண்டுக்கு நடுவிலேயே வளரும் ‘ஆரோன்ஸ்டாப்’ என்னும் நச்சுச் செடியின் இளம் இலை. நம் சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பம்தான் அதற்கும். பச்சைக் கருணையைப் போலவே நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். முதல் இலையின் மணம் விரலில் ஒட்டிக்கொள்வதால் பிறகு தொடும் இலையெல்லாம் பூண்டாகவே மணக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. பறித்த அனைத்தையும் கொட்டிவிட்டேன்.

அதனினும் கொடியது ஈரப் புல்வெளிகளில் அதே பருவத்தில் இலை விடும் ‘ஹெர்ப்ஸ்ட்சைட்லோசே’. கார்த்திகைப்பூக் கிழங்கில் உள்ள கொல்கிசின் என்னும் நஞ்சுதான் அதிலும் உண்டு, வேகவைத்தாலும் அழியாது. இதை அறிந்தபின், இரண்டாம் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு இலையையும் அடிவரை பார்த்தே கிள்ளினேன். கரடிப்பூண்டின் இலை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்புடன் மண்ணிலிருந்து எழும். அடிப்புறம் மங்கலாக இருக்கும். ‘மைக்ளோக்ஷன்’ என்னும் இன்னொரு நச்சுச் செடியில் இரண்டு இலைகள் ஒரே தண்டில் சேர்ந்திருக்கும். ஹெர்ப்ஸ்ட்சைட்லோசே இலைக்குக் காம்பே இல்லை. ஐயம் எழுந்த இலையைத் தொடாமல் விட்டதால், ஒரு கைப்பிடி சேர ஒரு மணி நேரமானது. காப்புக்காட்டுக்கு வெளியே, சொந்தத் தேவைக்குச் சட்டம் அனுமதிப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

சமையலில் தேறியது இந்த ஆண்டுதான். இலையை வதக்கித் துவையல் அரைத்தபோது மணம் முழுவதும் ஆவியோடு போயிற்று. அடுத்த முறை உளுந்தையும் மிளகாயையும் மட்டும் வறுத்து, தேங்காய், புளியோடு இலையைப் பச்சையாகவே சேர்த்தரைத்தேன்; நறுக்கென்ற காரமும் பசுமையும் அப்படியே நின்றன. பருப்பிலும் அடுப்பை அணைத்தபின்பே தூவுகிறேன். இப்போது மொட்டுகள் வந்துவிட்டன. ஒரு சிறு குப்பியில் அவற்றை உப்பிலிட்டு வைத்திருக்கிறேன்.