உஹுராவும் எங்கள் பௌதிக ரீச்சரும்

போன வருசம் பௌதிக ரீச்சர் காலமான செய்தி வந்ததிலிருந்து எனக்கு அந்த நடிகையின் நினைப்பும் கூடவே வருகிறது. 1990களின் கடைசியில் உயர்தரம் படித்தவர்களுக்கு ஆரைச் சொல்கிறேன் என்று தெரியும். நிஷெல் நிக்கல்ஸ். செய்முறை முடிந்து மணி அடிக்க முன்னம், அமெரிக்காவில் இருந்த அண்ணர் அனுப்பிய பத்திரிகைத் துண்டுகளை வைத்து ரீச்சர் எத்தனை தரம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பா!

சிக்காகோவுக்குப் பக்கத்தில் ரொபின்ஸ் என்ற சின்ன ஊரில் 1932இல் பிறந்தவர், டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவோடு பாடியவர். 1966இல் ஸ்ரார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் விண்கலத்தின் தொடர்பாடல் அதிகாரி உஹுரா ஆனார். கறுப்பினப் பெண் என்றால் பெரும்பாலும் வேலைக்காரி வேடம்தான் என்றிருந்த காலத்தில் இவர் அதிகாரி உடுப்போடு மற்ற அதிகாரிகளுக்குச் சமமாக இருந்தார். ஆனாலும் இருந்த கொஞ்ச வசனத்தையும் வெட்டிக்கொண்டே வந்ததால் முதல் பருவம் முடிய விலகி, பிராட்வே மேடைக்குப் போகவே முடிவெடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். நான் உங்கள் ரசிகன், நீங்கள் விலகவே கூடாது என்று கிங் சொன்னாராம். அவர் விலகவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்லும்போது ரீச்சரின் குரலே மாறிவிடும். 1977இல் நிக்கல்ஸ் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களையும் கறுப்பினத்தவர்களையும் விண்வெளி வீரர்களாக விண்ணப்பிக்கச் சொன்னார். அடுத்த வருசம் தெரிவான 35 பேரில் ஆறு பேர் பெண்கள், பிறகு விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைட் அதில் ஒருவர். 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், சின்ன வயதில் உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். "பிள்ளையள், அந்த மனுசி அண்டைக்குப் போயிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமோ?" என்று கேட்பா.

ரீச்சரையும் அண்ணர் கூப்பிட்டவர்தான். அடுத்த முறை சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்கு ஆர் படிப்பிக்கிறது என்று சொல்லி ரீச்சர் போகவில்லை. நாங்கள்தான் ஒவ்வொருவராக வெளிக்கிட்டோம்.

2022இல் நிக்கல்ஸ் 89 வயதில் இறந்தபோது ரொறன்ரோவிலிருந்து ரீச்சருக்குப் போன் எடுத்தேன். நான் சொல்ல முதலே அவவுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு, தன் இடத்துக்கு ஒரு பௌதிக ஆசிரியர் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, எங்கள் வகுப்பிலிருந்து ஒருவராவது நின்றிருக்கலாம் என்றா. கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னா. அந்த லாப்பில் இரண்டு வருசமாவது படிப்பித்துவிட்டு வந்திருக்கலாம் என்று எனக்கு இப்போது அடிக்கடி தோன்றுகிறது.