நோன் கிணற்றுத் தண்ணீர்

வேல்ஸின் மேற்குக் கோடியில் இருக்கும் செயின்ட் டேவிட்ஸ், பிரிட்டனின் மிகச் சிறிய நகரம். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரை நகரம் என்றால் அம்மா நம்பவே இல்லை. "பெரிய கோயில் இருக்கும்மா, அதனாலதான்" என்றேன். கடைத்தெருவில் நின்று பார்த்தால் அந்தக் கோயிலும் சரியாகத் தெரிவதில்லை. பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வாசல் கோபுரத்தைத் தாண்டி 39 படி இறங்க வேண்டும். அம்மாவின் முட்டிவலிக்கு இறக்கமே பெரும்பாடு.

1181இல் கட்டத் தொடங்கிய பேராலயம். உள்ளே தரை பீடத்தை நோக்கி மெல்ல மேடேறுகிறது. நடந்தால் காலுக்குத் தெரியும். 2012இல் புதுப்பித்த, வேல்ஸின் பாதுகாவலரான புனித தாவீதின் திருத்தலத்தின் முன் அம்மா ஜெபமாலை முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இவரோட அப்பா அம்மா யாரு?"

சுலபமான கேள்வி என்றுதான் நினைத்தேன். தாவீதின் வரலாற்றை ரிகிவார்க் என்பவர் எழுதியது 11ஆம் நூற்றாண்டின் கடைசியில், புனிதர் மறைந்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம் கழித்து. அதன்படி தாய் நோன். தந்தை மேற்கு வேல்ஸிலிருந்த கெரெடிகியோன் நாட்டின் அரசன் சாந்த். அவன் நோனைப் பலவந்தப்படுத்தினான் என்கிறது கதை. வேல்ஸ் மொழியில் 'சாந்த்' என்றாலே புனிதர் என்றுதான் பொருள். அப்படியென்றால் அது பெயரா, பட்டமா? தாவீது இறந்தது மார்ச் 1, செவ்வாய்க்கிழமை. கிழமையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் 589 என்கிறார்கள். வேல்ஸின் பழைய ஆண்டுக்குறிப்பு 601இல் போடுகிறது. வாழ்ந்தது 147 வருடமாம்.

"நூத்தி நாப்பத்தேழா?" அம்மா சிரித்துவிட்டார், கோயில் என்பதையும் மறந்து.

அங்கே மற்றப் புனிதர்கள் கதையும் இதேதான். பழங்கால வேல்ஸ் அரசன் பிரிகானுக்கு 24 மகள்கள், பெரும்பாலும் எல்லாருமே புனிதைகள். ஆனால் பழைய பட்டியல்களை ஒப்பிட்டால் பெயர்கள் ஒத்துப்போகாது. போதாததற்கு 18ஆம் நூற்றாண்டில் பிறந்த வேல்ஸ் கவிஞர் யோலோ மோர்கானுக் தன் கைச்சரக்கையும் வம்சாவளிகளில் கலந்துவிட்டார். இந்தப் பேராலயத்தில் 1866இல் கிடைத்த எலும்புகளையே தாவீதுடையவை என்று வெகுகாலம் நம்பினார்கள். 1990களில் கார்பன் சோதனை செய்தபோது, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை என்று தெரிந்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அப்போதுதான் ஜெபித்து முடித்திருந்தார்.

அப்புறம் தெற்கே, கடலோரம் இருக்கும் புனித நோன் கிணற்றுக்குப் போனோம். மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். வயல் நடுவில் இடிந்த சிற்றாலயம். தாவீது பிறந்த இடம் அதுதான் என்பது நம்பிக்கை. புயலும் மின்னலுமாக இருந்த அன்று, நோன் பிரசவ வேதனையில் பற்றிய கல்லில் அவர் விரல் பதிந்ததாம், அந்நேரமே ஊற்றும் பொங்கியதாம். உள்ளே சாய்த்து வைத்திருக்கும் ஒரு பலகைக்கல்லில் வட்டத்துக்குள் சிலுவை செதுக்கியிருக்கிறது. விரல்தடம் எங்கே என்று அம்மா அதில் தேடிப் பார்த்தார். அது வேறு கல் என்றேன். காதில் வாங்கவில்லை.

கிணறு என்பது நம் கிணறு போல ஆழமில்லை. சின்னக் கல் வளைவுக்குக் கீழே முழங்கை அளவு தெளிந்த நீர், அடியில் சில்லறைக் காசுகள். கண்நோய்க்கு நல்லது என்று அந்தக் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். அம்மா குனிந்து இரு கையிலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல குளிர். முகத்தைத் துடைக்கவில்லை.

"அப்பன் பேரு எதுவா வேணா இருக்கட்டும். பெத்தவ இங்கதான இருக்கா," என்றார். அப்புறம் என் பையைக் காட்டி, "அந்தத் தண்ணி பாட்டிலைக் கொட்டிட்டுக் குடு."