மன்னார் வளைகுடாத் தீவுகள்: கைவரைபடம், இதுவரை

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் தமிழ்ப் பெயர்களோடு ஒரே ஏ2 தாளில் கொண்டுவரும் வேலை இது. கட்டமும் கரையோரமும் முடிந்தன. தூத்துக்குடி, வேம்பார் தீவுக்கூட்டங்களுக்குப் பெயர் எழுதியாயிற்று. கீழக்கரையும் மண்டபமும் பாக்கி.

தீவுகளின் பரப்பு வடக்கு 8°47′–9°15′, கிழக்கு 78°12′–79°14′. 1:2,50,000 அளவில் சுமார் 454 × 206 மி.மீ. வரும். சதுரக் கட்டம் போட்ட தாளை நம்பி இறங்கக் கூடாது. இங்கே 10 நிமிடம் (ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு) என்பது கிழக்கு மேற்காக 73.3 மி.மீ., தெற்கு வடக்காக 73.7. அற்ப வித்தியாசம்தான், ஆனால் மேற்குக் கோடியின் வான் தீவில் தொடங்கி கிழக்குக் கோடியின் சிங்கில் தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டரை மி.மீ. பிசகிவிடும், கடலில் அது 600 மீட்டருக்கு மேல். 8°47′ என்பதை 8.47 என்று குறித்தால் புள்ளி 35 கி.மீ. தெற்கே போய்விடும். சரியான தசம எண் 8.783.

இந்த அளவில் வடிவம் தெரியாது. மிகப் பெரிய முசல் தீவே (சுமார் 129 ஹெக்டேர்) 20 சதுர மி.மீ.தான். அதனால் தாளின் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு தீவையும் 1:50,000 அளவில் தனியே வரைய வேண்டும், 0.1 மி.மீ. முனைப் பேனாவால். கரைக்கோட்டின் பக்கத்தில் ஆண்டு போடாவிட்டால் படத்துக்கு மதிப்பில்லை: 1986-ல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவு, 2014-க்குள் 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஆளில்லை. மூழ்கிப்போன விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டுக்கும் புள்ளிக்கோடு. பெயரை மட்டும் விடக்கூடாது.

பெயர்களில்தான் நேரம் போகிறது, போகவும் வேண்டும். ஆங்கிலப் படத்திலிருந்து எடுத்தால் ல, ழ, ள எல்லாம் ஒன்றாகிவிடும். வாழைத் தீவு வாலைத் தீவாகும், புள்ளிவாசல் புல்லிவாசலாகும். சிங்கில் என்பது கூழாங்கல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'ஒற்றை' அல்ல. முசல் என்றாலும் முயல் என்றாலும் ஒன்றுதான். தூத்துக்குடித் துறைமுகத்தருகே இன்னொரு முயல் தீவு இருப்பதால், மண்டபம் கூட்டத்துக்கு 'முசல்' என்றே எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும். வேம்பார் கூட்டத்தில் நல்லதண்ணியும் உப்புத்தண்ணியும் வருகின்றன. கடலோடிகளுக்கு அதைவிடப் பயனுள்ள பெயர் கிடையாது.

அடுத்தது கீழக்கரை: ஆனைப்பார் முதல் முள்ளி வரை ஏழு.