தரங்கம்பாடி வாசல்

சாயங்காலம், பள்ளி விட்ட நேரம். தரங்கம்பாடி நுழைவாயிலுக்குள் ஒரு ஆட்டோ புகுந்தது. உள்ளே பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, புத்தகப்பைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர்கள் தலைக்கு மேலே டேனிஷ் அரச முத்திரை. 1792-ல் எழுப்பிய வாசல் அது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் போகிற வழியை யார் பார்க்கிறார்கள்!

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் கோட்டை கட்டிய ஊர். 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினார். அடுத்த வருடமே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கேதான் அச்சானது.

1845-ல் எல்லாவற்றையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கோட்டை, தெரு, வீடு, சகலமும்.

அப்புறம் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. வியாபாரமும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

இந்தத் தெருக்கள் தப்பித்ததே அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. காசு புழங்கியிருந்தால் இந்தத் திண்ணைகளையும் கனத்த சுவர்களையும் எப்போதோ இடித்து மாடி எழுப்பியிருப்போம். நம் ஊர்களில் பாதியை அப்படித்தானே தொலைத்தோம்?

ஒரே ஒரு குறை. வருகிறவர்கள் டேனியர் கதையோடு திரும்பிவிடுகிறார்கள். கோட்டையைவிட முந்நூறு வருடம் மூத்தது, கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. போனால் அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள், கோட்டையிலிருந்து நடக்கிற தூரம்தான்.